ஏழாம் தொட்டியின் மேல் ஒரு குடை

கடலின் காய்ச்சலைக் கைதொட்டு அறிந்த காவலரே! பவளத்தின் பசியறிந்து பரிமாறிய பண்பே! பதிவேட்டில் தொட்டிக் காப்பாளராகவும், எங்கள் வாய்நிறைய அக்காவாகவும் விளங்கும் பெருந்தகையே! தங்கள் பணிநிறைவு நாளில் வணங்குகிறோம்!

முப்பத்தோராண்டில், காலை ஆறரைக்குத் தாங்கள் இப்பவள ஆய்வு நிலையத்தின் இரும்புக் கதவைத் திறக்காத நாட்களை எண்ண ஒரு கை விரல்களே போதும். உப்பேறிய குழாய்களை உலுக்கி, ஓடாத எந்திரத்தை ஓட்டி, ஒன்பது தொட்டிகளுக்கும் உயிர்மூச்சு ஊட்டினீர்கள். தங்கள் வீட்டுக்காரரோ, "அங்க பவளத்துக்கு ஊட்டிக்கிட்டே இருக்கா, நான் வெளுத்துக் கெடந்தா ஏன்னு கேக்க ஆளில்ல" என்று எங்களிடம் முறையிட்டார். அவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். நிறம் நன்றாகவே இருக்கிறது.

ஐந்து கோடைகளுக்கு முன் கடல் தகித்தது. நீர் சூடேறினால், தன் உடலுக்குள் குடியிருந்து நிறமும் உணவும் தரும் நுண்பாசியைப் பவளம் வெளியேற்றிவிடும். பிறகு பட்டினி கிடக்கும். ஏழாம் தொட்டியின் நாற்பத்திரண்டு துண்டுகளும் ஒரே வாரத்தில் எலும்பாய் வெளுத்தன. படித்தவர்கள் நாங்கள், பதினொரு பேரும் பார்த்தோம். "இறந்தவை" என்று பதிவேட்டில் எழுதினோம். கொட்டிவிட இயக்குநர் தாமே வாளியைத் தூக்கினார்.

தாங்கள் வாசலில் குறுக்கே நின்றீர்கள். "வெளுத்ததெல்லாம் பால்னு நம்புறவங்களப் பாத்திருக்கேன் சார். வெளுத்ததெல்லாம் பொணம்னு நம்புறவங்கள இப்பத்தான் பாக்குறேன். ஒரு மணி நேரம் குடுங்க."

தங்கள் கறுப்புக் குடையைத் தொட்டியின் மேல் விரித்து, சுற்றிலும் துணி தொங்கவிட்டீர்கள். இருட்டினால்தான் உயிருள்ள பவளம் இரை தேடித் தன் நுண்கைகளை நீட்டும். உச்சிவெயிலில் உற்றுப் பார்த்த நாங்கள் அதை மறந்தே போனோம். நேரம் முடிந்ததும் உருப்பெருக்கியை எங்களிடம் நீட்டினீர்கள். வெள்ளையின் மேல், நூல்முனை அளவில், கைகள் அசைந்தன! வெட்கத்தில் எங்களுக்குத்தான் நிறம் போயிற்று.

ஏழு வாரம் சொட்டுக்குழலால் ஊட்டினீர்கள். இருபத்து மூன்று போயின; போனதைப் போனதென்று எழுதவும் தாங்கள் தயங்கவில்லை. பத்தொன்பது, நீர்த்த தேநீர் நிறத்தில் தொடங்கி, மெல்ல மெல்லப் பழுப்புக்குத் திரும்பின. அவற்றை வெட்டி வளர்த்துக் கடலடிப் பாறைகளில் நட்டோம். கடந்த கோடையின் வெம்மையிலும் பெரும்பாலானவை நிறம் விடவில்லை.

பத்து நாள் முன்பு சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுக் கடைசி விடுப்பில் போகையில், "எனக்கு ஒரே பயந்தான். நான் போனப்புறம் யாராவது அவசரப்பட்டு வாளியத் தூக்கிடக் கூடாது" என்றீர்கள்.

அக்கா, கேளுங்கள்! அன்றிலிருந்து நீர் மீண்டும் சூடேறி வருகிறது. இன்று காலை ஏழாம் தொட்டியில் எட்டுத் துண்டுகள் வெளுத்துக் கிடந்தன. தங்களிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இந்த நாற்காலியில் தாங்கள் அமர்ந்திருக்க மாட்டீர்கள். எவரும் பதிவேட்டைத் திறக்கவில்லை. இயக்குநர் வாளியை எடுத்தார்; அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலேறி நின்று, தாங்கள் ஆணியில் மாட்டிவிட்டுப் போன குடையைத் தொட்டிமேல் கட்டினார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். எட்டும் கை நீட்டின! இனி எத்தனை கோடை வந்தாலும், குடைக்கடியில் பார்க்காமல் ஓர் உயிரையும் கைகழுவ மாட்டோம்.

நோயற்று, நூறாண்டு கடந்தும் வாழ்க! வெளியே வெயில் கடுமையாதலால், இம்மடலோடு புதுக் குடை ஒன்றும் அளிக்கிறோம். பழையதைக் கேட்காதீர்கள். அது பணியில் இருக்கிறது.

வாளி தூக்கிய கை உட்பட,
ஆய்வு நிலையத்தார் பதினொருவர்