தக்காளிப் பூவுக்கு ஒரு பிறஷ்

கசக்கிய தக்காளி இலையின் பச்சை வாசனை. ரூ காய் என்ற தெருவின் பலசரக்குக் கடை வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் விரல்களிலிருந்து வந்தது. அவர் சிநேகிதியிடம் சொன்னார்:

“இவர் இப்ப தக்காளிப் பூவுக்குப் பல்லுத் தீட்டி விடுறார்.”

“என்னக்கா, விசரோ?”

“ஸ்தேன் ஊரிலை வாடகைக்கு இருந்த தோட்டத்துண்டை நகரசபை திருப்பி எடுத்தாப்பிறகு மனுசன் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. பிறகு பல்கணியிலை நட்டார். ஆறாம் மாடிக்குத் தேனீ வருமே? பூவெல்லாம் கொட்டுண்டு போச்சுது. இப்ப பல்லுத் தீட்டுற கறண்ட் பிறஷாலை பூவை அதிர வைக்கிறார். மூண்டு காய் பிடிச்சிட்டுது. விடிய எழும்பினால் பூக்களோடை ஒரே கதை.”

“கதைக்கிறார் எண்டால் நல்லதுதானே.”

“ஓம். ஆனால் பிறஷ் என்ரை.”

புதுப் பிறஷ் ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் புறப்பட்டார். வாசலில் சிநேகிதி கேட்டாள்:

“பழுத்தால் எனக்கும் ஒண்டு தாங்கோ, அக்கா.”

“உமக்கு ரெண்டாவது. முதல் பழம் பிறஷ்காரிக்கு.”