முன்சீட்டு

– ஏன் பெகி பின்னாடி ஏறுறே? முன்னால வா. காரை விக்கறவன் நீ, உனக்கு நான் டாக்ஸி ஓட்டணுமா?

– இல்ல தாண்டேகா அம்மா... பின்னாடிதான் எனக்குக் கால் நீட்ட வசதி.

– இந்தத் தீப்பெட்டியில கால் நீட்டறியா. சரி, என் போர்வை மூட்டையை நசுக்கிடாதே.

– உள்ள என்னம்மா? முள்ளு குத்துது.

– ஒரு கிளை. வீட்டுக்கு வேணும். நீ காரைப் பத்திச் சொல்லு, ஓட்டிக்கிட்டே கேக்கறேன்.

– எதையும் மறைக்க மாட்டேன். கியர் உதறும். அதுக்குன்னே ஒரு எண்ணெய் ஊத்தணும், புலவாயோ போனாத்தான் கிடைக்கும். பள்ளத்துல விழுந்தா முன்னாடி ‘கடக்’குனு கேக்கும், ரப்பர் புஷ் போச்சு. அப்புறம் என்ஜின் ஆயில் குடிக்கும்.

– உன்னைவிடவா?

– எனக்குக் குடிக்கக் காசு மிச்சம் வெச்சாத்தானே. டயர், இன்சூரன்ஸ், வழியில போலீஸ்... வாங்கின விலையை ரெண்டு தரம் தின்னுருச்சு.

– விக்க வந்தவன் இவ்வளவு குறை சொல்லி நான் பார்த்ததில்ல. பானெட் மட்டும் ஏன் புதுசா இருக்கு?

– கழுதை முட்டிருச்சு. இந்தப் பக்கம் கழுதை முட்டாத வண்டி ஏது?

– அதுவும் சரிதான்.

– எல்லாத்தையும் இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் திருப்பிக் கொண்டாந்து நிறுத்தக் கூடாது. வாங்கினா வாங்கினதுதான்.

– திருப்பித் தர மாட்டேன், பயப்படாதே. என்ன அது, டிங் டிங்னு?

– பெல்ட் மணி.

– நான்தான் போட்டிருக்கேனே.

– உங்களுக்கில்ல... பக்கத்து சீட்டுக்கு. சென்சார் கெட்டுப்போச்சு. ஆள் உட்கார்ந்திருக்குன்னு நினைச்சுக்குது.

– காலி சீட்டுலயா?

– ஜப்பான்ல இருந்து கப்பல்ல வந்த வண்டி. உப்புக் காத்து பட்டிருக்கும். அந்த பெல்ட்டை இழுத்து மாட்டுங்க, நின்னுரும்.

– மாட்டிட்டேன். ம்... நின்னுருச்சு. சீட்டை மாத்திப் பார்க்கலியா நீ?

– மாத்தினேன். பழைய கார் பிரிக்கிற இடத்துல வேற ஒண்ணு வாங்கிப் போட்டேன்.

– அப்புறம்?

– அதுலயும் அடிச்சுது. வயரைக் கழட்டிவிடச் சொன்னேன்.

– கழட்டினாங்களா?

– கழட்டித்தான் இருக்கு.

– இப்பவா?

– இப்பவும். அதான்மா விலையைக் குறைச்சேன். இன்னும் குறைக்கறேன். ராத்திரி என் வாசல்ல இது நிக்கக் கூடாது, அவ்வளவுதான். நேரா மார்க்கெட்டுக்குத் திருப்புங்க, கையெழுத்து போட்டுரலாம்.

– பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி ரோட்டுல ஒரு தரம் போயிட்டு வருவோம். ஏத்தத்துல இழுக்குதான்னு பார்க்கணுமில்ல.

– அந்த ரோடு வேண்டாம்மா... பள்ளம் ஜாஸ்தி.

– இத்தனை வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டறவ நான். எனக்கென்ன பள்ளம்? இதோ, பாலமே தாண்டியாச்சு. ஒண்ணு கேக்கணும். வண்டி சூடாகுமா? நீ சொன்ன குறையில அது மட்டும் இல்ல.

– சேச்சே. வழியில மட்டும் இது ஒரு நாளும் நின்னதில்ல.

– மீட்டர்ல சிவப்பு விளக்கு எரியுதே.

– நிறுத்தாதீங்க. ஹீட்டரைப் போடுங்க, என்ஜின் சூட்டை இழுத்துக்கும், கொஞ்சம் தாங்கும். அந்த மாருலா மரத்தைத் தாண்டிட்டாப் போதும். அப்புறம் இறக்கம்தான்.

– ஒரு நாளும் நிக்காத வண்டி. எந்த மரத்தைத் தாண்டணும்னு மட்டும் உனக்குத் தெரியுது.

– அம்மா, ஆக்ஸிலேட்டரை விடாதீங்க...

– நான் விடல. அதுவா அணைஞ்சிருச்சு.

– மரத்தடியிலேயே.

– ஆமா. மரத்தடியிலேயே. ரேடியேட்டர் ஃபேன் சுத்துதா இதுல?

– இல்ல. புதுசு போடணும்னு மெக்கானிக் ரொம்ப நாளா சொன்னான். ஃபேனுக்கு எடுத்து வெச்சா டயர் போயிரும், டயரைப் போட்டா லைசென்ஸ் புதுப்பிக்கணும்பாங்க. தண்ணி ஊத்தி ஊத்தியே ஓட்டிட்டேன்.

– கழுதை முட்டின அன்னைக்கும் அப்படித்தானா?

– எதுக்கு அதைக் கேக்கறீங்க?

– ஊரே பேசுச்சே. பாலத்துல கழுதை முட்டி, முன்சீட்டுல ஏறின பையன் அங்கயே செத்துட்டான்னு நீதான் போலீஸ்ல சொன்னியாம்.

– ஆமா. பாலத்துலதான். மறுபடி மணி அடிக்குதே... பெல்ட்டைக் கழட்டினீங்களா?

– மாட்டித்தான் இருக்கு.

– சாவி?

– என் கையில இருக்கு, பாரு. பெகி, கண்ணாடியில உன்னைப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன். பாலத்துல நீ சும்மாத்தான் இருந்தே. ஏத்தம் வந்தப்புறம்தான் உனக்கு வேர்த்துச்சு. அந்தப் பையன் எங்க செத்தான்?

– பாலத்துல.

– எங்க?

– ...இங்க. இந்த மரத்தடியில. ஆஸ்பத்திரிக்குத்தான்மா கொண்டு வந்தேன். பேசிக்கிட்டே வந்தான். நெஞ்சு வலிக்குது, தண்ணி கொடுன்னான். கேன்ல இருந்ததை அப்பத்தான் ரேடியேட்டர்ல ஊத்தியிருந்தேன். இங்க வந்ததும் நின்னுருச்சு. எதிர்ல லாரி ஒண்ணு வந்துச்சு, கை காட்டியிருக்கலாம். வாடகைக்கு ஆள் ஏத்தற வண்டி, ஃபேன் இல்லன்னு தெரிஞ்சா போலீஸ் பிடுங்கிருவாங்கன்னு பயம். இப்ப ஆறிரும், இப்ப ஆறிரும்னு உட்கார்ந்திருந்தேன். வண்டி ஆறினப்ப அவன் பேச்சு நின்னுபோச்சு. இறக்கத்துல திருப்பி அவனைப் பாலத்துக்கே கொண்டு போயிட்டேன்.

– அந்தப் போர்வையைப் பிரி.

– இது... உம்பாஃபா கிளை.

– எதுக்குன்னு தெரியுமில்ல?

– செத்தவங்களை, செத்த இடத்துல இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு. ஆனா உங்களுக்கு யாரை... உங்களுக்குத் தாண்டேகா ஒருத்திதானே?

– யாரோட அம்மான்னு நீ கேட்டே, சின்னவ பேரைச் சொன்னேன், பெரியவன் பேரைச் சொல்லல. இந்தக் கிளையோட அவன் சித்தப்பாவும் நானும் ரெண்டு தடவை அந்தப் பாலத்துக்குப் போனோம். வரும்போது ஷேர் வேன்ல அவனுக்கும் ஒரு சீட்டுக்குக் காசு கொடுத்தேன். அவன் வரல. கனவுலதான் வந்தான், இன்னும் வழியிலதான் நிக்கறேன்மான்னு. கிளையை இப்படிக் கொடு. உன் கார் எனக்கு வேண்டாம். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அவன்கிட்ட மட்டும்தான் நான் பேசணும், அதனால இனி எங்கிட்ட எதுவும் கேக்காதே. நீ இறங்கித் தள்ளி நில்லு, அவன் பெல்ட்டை நான் கழட்டறேன்... மெலுசி, அம்மா வந்திருக்கேன்டா. இறங்கு. தண்ணி கொண்டாந்திருக்கேன், குடிச்சிட்டு வா.