பதினொரு போனில் சந்தனம்

— இப்பக் கேக்குதா ரோசரிம்மா? அழகர்சாமிதான். ஸ்டோர் ரூம்லேருந்து பேசுறேன்.

— கேக்குதுண்ணே. ஆனா வாயில துணியைக் கட்டிக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு.

— இருங்க, பேசுற பக்கத்து மூடியைக் கழட்டிப் பாக்குறேன். அட சாமி. இங்கயும் சந்தனம்.

— இங்கயுமா?

— போன வாரம் ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வச்சாங்கல்ல, போனையும் விடலை. வச்ச ஆளு கைப்பிடியில வச்சிருக்கலாம். பேசுற ஓட்டை மேலயே அப்பி, நடுவுல குங்குமமும் வச்சு, காஞ்சு கட்டியாக் கிடக்கு.

— மாதாவே, இன்னிக்குத்தானா இது தெரியணும்? நாலு மணிக்கு மெட்ராஸ் ஆபீஸ்லேருந்து பஷீர் அகமதுன்னு ஒரு ஆபீசர் வர்றார்ண்ணே. ஃபாக்டரியில இருக்கிற நாப்பது போனையும் எடுத்துப் பேசிப் பாப்பாராம். அஞ்சுக்கு மேல பழுதுன்னா, எழுபத்திரண்டுல வாங்குன இந்த டெலிபோன் போர்டைக் கழட்டிட்டு ஆட்டோமேட்டிக் வைக்கச் சொல்லி எழுதிடுவாராம். அது வந்தா ஆபரேட்டர் எதுக்கு? என் நாற்காலி போயிடும்.

— தெரியும்மா. அதான் காலைலேருந்து ஒரு ஊக்கும் பழைய பல் பிரஷுமா ரூம் ரூமா ஏறி இறங்குறேன். இதோட எட்டு ஆச்சு. டைப்பிங் செக்‌ஷன்ல வெள்ளையம்மாள்தான் தொடவே விடலை. சரஸ்வதிக்கு வச்ச பொட்டை ஊக்கால குத்துவியான்னு ஒரே சண்டை.

— இப்பத்தான் என்கிட்டயும் பேசினாங்க. கைப்பிடியில புதுசா ஒண்ணு வச்சுக்கங்க அக்கா, சாமி கோவிச்சுக்காதுன்னு சொன்னேன். சிரிச்சுட்டாங்க. போய் எடுத்துடுங்க.

— சரி, போறேன்.

— போர்டு. அண்ணே, இது மரப்பட்டறை லைன்ல விழுது. நீங்கதானா?

— நானேதான். டைப்பிங் முடிஞ்சு ஒம்பது ஆச்சு. இங்க மூடியை மட்டும் கழட்டி வச்சுட்டுப் பேசுறேன், இன்னும் குத்தலை. இந்த மஞ்சளுக்கு அடியில கறுத்துப்போய் இன்னொரு சந்தனம் இருக்கு பாத்துக்கங்க. அதுக்கும் அடியில இன்னொண்ணு.

— அப்படின்னா?

— மூணு வருஷத்துப் பூஜைம்மா. இங்க மேஸ்திரி பெரியண்ணன் மூணு வருஷமா இதுலதான் பேசிக்கிட்டிருக்கார். ஆனா புகார் நோட்டுல மரப்பட்டறைன்னு ஒரு வரி கூட இல்லையே, அது எப்படி?

— அவர் வெத்தலை போட்டுக்கிட்டுப் பேசுறார்னு நெனச்சேண்ணே.

— அவர் வெத்தலையைத் தொடவே மாட்டாரே.

— எனக்கென்ன தெரியும், நான் மூஞ்சியைப் பாத்தா பேசுறேன்? காலைல பத்து மணிக்கு ‘ம்ம் ம்ம்’னா ஆணி வேணும். மூணு மணிக்குன்னா லாரி வந்துச்சான்னு கேக்குறார். அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு நானே எடுத்துச் சொல்லிடுவேன். பெயின்ட் ஷாப்பும் அப்படித்தான் இருந்துச்சு, கேட் போனும் அப்படித்தான். எல்லாருக்கும் வேலை நடந்துச்சு, யாரு புகார் குடுப்பா?

— கேட் போனுமா? அது என் லிஸ்ட்லயே இல்லையேம்மா. அப்ப பதினொண்ணு. மணி என்ன ஆச்சு?

— மூணரை. ஓடுங்கண்ணே. இருங்க, இருங்க. கேட்லேருந்துதான் கூப்பிடுறாங்க. வச்சிடாதீங்க. ஹலோ, போர்டு.

— ம்மா... ம்ராஸ் ஆம்பீஸ்... ம்ஷீர்...

— வணக்கம் பஷீர் அகமது சார். நாலு மணிக்கு வருவீங்கன்னு சொன்னாங்க.

— ம்வாக்குடி ம்ஸ்... ம்ட்டுனு...

— துவாக்குடி பஸ் சட்டுனு கிடைச்சிடுச்சா? நல்லதாப் போச்சு சார். வாட்ச்மேன் மூக்கன்கிட்ட ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வாங்க. நேரா வந்து எடது பக்கம் ரெண்டாவது ரூம். அழகர்சாமி அண்ணே, கேட்டீங்களா?

— கேட்டேன். மனுஷன் மொதல்ல எடுத்த போனே அந்த கேட் போனா? நான் இதை முடிச்சுட்டு ஓடிப்போய் அதையும் குத்தி எடுத்துடறேன். நீங்க எண்ணிக்கை எதுவும் வாயைத் திறந்து சொல்லாதீங்க.

— சொல்லிடுவேண்ணே. அவர் பேசிப் பாத்துட்டாரே, இனிமே மறைக்கிறது அழகா?

— உள்ளே வரலாமாம்மா? நான்தான் பஷீர் அகமது.

— வாங்க சார், உக்காருங்க. நானே சொல்லிடறேன். நாப்பதுல பதினொரு போன்ல பேசுற ஓட்டை சந்தனத்துல அடைச்சிருந்துச்சு. பத்தை எங்க லைன்மேன் சுத்தம் பண்ணிட்டார். நீங்க பேசினது பதினொண்ணாவது.

— எத்தனை நாளா இப்படி?

— சிலது மூணு வருஷமா சார்.

— மூணு வருஷமாவா? புகார் நோட்டு காலியா இருக்குன்னு மெட்ராஸ்ல எங்களுக்கு ஒரே ஆச்சரியம். சரிங்கம்மா, உங்க லைன்மேன் இப்ப எங்க?

— கேட் போன்ல இருக்கார் சார். பக்கத்துல இருக்கிற ரிசீவரை எடுங்க, பேசலாம்.

— அழகர்சாமியா? அந்தச் சந்தனத்தை எடுத்துட்டீங்களா?

— ம்ன்னும் ம்ல்ல ம்சார்... ம்ப்பத்தான்...

— இன்னும் இல்லையாம் சார். இப்பத்தான் வந்து சேந்தாராம்.

— நல்லது. ஊக்கைப் பைக்குள்ள வச்சுட்டு வந்துடுங்க அழகர்சாமி, அந்தப் போனை யாரும் தொட வேண்டாம். அடுத்த வாரம் ஆட்டோமேட்டிக் போர்டு விக்கிறவர் இங்க வர்றார். இன்ஷா அல்லா, அவரை அதுலேருந்துதான் பேசச் சொல்லப்போறேன். அவர் பேசுறது அவரோட மிஷினுக்குப் புரிஞ்சா வாங்கிக்கலாம்.