சுவரில் வந்து நின்ற தோட்டக்காரர்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பத்திநாதன் அண்ணனின் மகள் நிரோஜினி அவர்களே, மஸ்கெலியாவிலிருந்தும் றொசல்லயிலிருந்தும் இந்த மேடேறி வந்திருக்கும் உறவுகளே, மறைந்த அண்ணனுக்கு விடைகொடுக்கக் கூடியிருக்கும் உங்கள் எல்லோரையும் கனத்த மனதோடு வணங்குகிறேன்.

ஓவியர் பத்திநாதன்! தேயிலைத் தொழிற்சாலையின் கதவுக்கும் தகரத்துக்கும் பெயின்ட் அடித்தே முப்பது வருடம் உழைத்தவர். ஆனால் தவக்காலம் தொடங்கிவிட்டால் அவரை எங்கே தேடுவோம்? இந்தக் கோயிலில்தானே! வேலை முடிந்ததும் பலகைச் சாரத்தில் ஏறி, வாய்க்குள் பாடிக்கொண்டே சுவரில் வருடத்துக்கு ஒரு புதுப் படம் வரைவார். உயிர்த்த ஞாயிறு விடியலில், பனிமூட்டத்துக்குள் மெழுகுவர்த்தியோடு நுழைவோம். முதலில் புதுப் பெயின்ட் வாசனை வரும். பிறகுதான் படம் தெரியும். அந்த நிமிடத்துக்காக நாம் எப்படி முண்டியடித்தோம்!

இன்று நான் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பதினான்கு வருடங்களுக்கு முன், தவக்காலத் தொடக்கத்தில், தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டப் போன மாயாண்டி குளவி கொட்டி இறந்தார். அவர் மனைவி நாகலெட்சுமி அக்கா, இதோ முன்வரிசையில் இருக்கிறார், அழவே இல்லை. லயத்துக் குடியிருப்பில் தன் காம்பரா அறையை விட்டு வெளியே வரவும் இல்லை.

அந்த வருடம் அண்ணன் வரைந்தது கல்லறைத் தோட்டம். அழுதுகொண்டிருக்கும் மகதலா மரியாவுக்கு முன்னால் உயிர்த்த ஆண்டவர். ஆனால் எந்தக் கோலத்தில்? நம் தொழிலாளர்போல இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, கையில் கவ்வாத்துக் கத்தி, காலெல்லாம் சேறு!

பள்ளி ஆசிரியனும் பங்குச் சபைச் செயலாளருமாக இருந்த நான் கொதித்துப்போனேன்.

"சாமி கையில கத்தியா? அழிச்சிடுங்கண்ணே."

அவர் கோபப்படவில்லை. "மரியாவே அவர தோட்டக்காரர்னுதானே நெனச்சாங்க சேர்? நம்ம தோட்டத்துல அவரு வேற எப்படி வருவாரு?"

நான் கேட்டேனா? இல்லை! படத்தை வெள்ளைத் துணியால் மூடச் சொன்னேன். அவரே மூடினார்.

ஞாயிறு விடியலில், பூசை தொடங்குமுன், நாகலெட்சுமி அக்கா வாசலில் வந்து நின்றார். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்; இந்தக் கோயிலுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை.

"பத்திநாதண்ணே, எங்க வீட்டுக்காரர் கத்திய வாங்கிட்டுப் போயி வரஞ்சீங்களே, அதப் பாக்கலாமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.  நானே போய்த் துணியை இழுத்தேன்.

அக்கா உள்ளே வந்து படத்தருகே நின்றார். "முன்னாலதானே நிக்கிறாரு, அந்தம்மா ஏன் இன்னும் அழுவுறாங்க?"

"இன்னும் அடையாளம் தெரியல தங்கச்சி. இப்பத்தான் பேரச் சொல்லிக் கூப்புடப் போறாரு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து கதறி அழுதார். பூசை தாமதமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த வாரம் அவர் கொழுந்தெடுக்க மலைக்குப் போனார்.

இந்த மேடையில் நான் எத்தனை முறை பேசியிருக்கிறேன்! என் பேச்சில் ஒன்றாவது அந்தக் காம்பராக் கதவைத் திறந்ததா? அண்ணனின் படம் திறந்தது! அதன்பின் அந்தச் சுவரில் வேறு படம் வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் அதற்கே அவர் வர்ணம் புதுப்பித்தார்.

போன மாதம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "படத்துக்கு மேல தகரம் ஓட்ட விழுந்திருச்சு சேர். பெருமழைக்கு முன்ன பாத்துருங்க."

வருகிற சனிக்கிழமை கூரையில் ஏறுகிறோம். வர்ணம் உதிர்ந்த இடங்களை நிரோஜினி பார்த்துக்கொள்வார். ஏணியைப் பிடிக்க நாகலெட்சுமி அக்கா இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்.

நிம்மதியாகப் போய் வாருங்கள் அண்ணே. உங்கள் தோட்டக்காரரை நாங்கள் நனைய விடமாட்டோம்.