டப்பாவுக்குள் கோடி உயிர்

கரமனை பஸ்ஸில் முன்சீட்டு அம்மாள் மடியிலிருந்த டப்பாவைக் காட்டி, கணவரிடம், "இதுக்குள்ள கோடி உயிரு இருக்கு, இடிக்காதீங்க" என்றாள். பாம்புக் குட்டிகளோ என்று நான் இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிக்கொண்டேன்.

"சோதிக்கக் கொண்டு போற நம்ம வயல் மண்ணுதானே?"

"மண்ணுல உள்ள பொடி உயிரு. தண்ணியில படருமே பாசி, அது காத்துல உள்ள சத்தை எடுத்து நெல்லுக்குக் குடுக்கும். யூரியாவ வாரி எறிஞ்சா வேலைய விட்டிரும்."

"போன தடவை நான் வாரி எறிஞ்ச மேல வயல்ல பயிரு கருகருன்னு நின்னுதே?"

"பொறவு சாஞ்சிட்டுல்லா? நான் யூரியா பாதி போட்ட கீழ வயலு நிமிந்துல்லா நின்னுது. இந்தத் தடவையும் சாஞ்சா சோத்துக்கு வழியில்ல."

என் கால்கள் இறங்கவில்லை. இப்போது மரியாதைக்காக.

பஸ் ஆற்றுப்பாலம் தாண்டியதும் கணவர் அவள் பக்கம் திரும்பினார்.

"செரி, நாளைக்கு யூரியா அளக்குத சிரட்டைய நீயே பிடி. நான் பின்னால வாரேன்."