அவ பையில பாரமே இல்லண்ணே

நாலு கம்பிண்ணே! ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, நாலு! மேடு ஏறுறப்போ என் வீட்டுக்காரி சைக்கிளோட பின்சக்கரத்துல படபடன்னு அறுந்துச்சு. போன வாரம் நீங்க கட்டிக் குடுத்த சக்கரம்தானே இது? "உலகத்தையே சுத்தி வந்தாலும் அசையாது"ன்னீங்க... இருபத்தாறாவது கிலோமீட்டர்லயே படுத்துருச்சு. பன்னெண்டு நாள் பயணம், மொத நாளே இந்தக் கூத்து. அவளை ரெண்டு வண்டியோடயும் ரோட்டோரம் உக்கார வச்சிட்டு, சக்கரத்தைக் கழட்டித் தூக்கிக்கிட்டு, பால் வேன்ல தொத்திக்கிட்டு வரேன். எனக்கு இதெல்லாம் தேவையா?

பாரமா? பாரத்தைப் பத்தி எங்கிட்டயே கேக்குறீங்களா! மூணு மாசமாண்ணே... எங்க வீட்டுத் தராசு வெங்காயத்தையே பாக்கல, முழுக்க என் துணிமணிதான். சோப்பைப் பாதியா வெட்டுனேன். டூத் பிரஷ்ஷோட காம்பை அறுத்தேன். சட்டைக் காலர்ல கம்பெனி பேரு தச்சிருக்கும்ல, அந்தத் துணித்துண்டைக்கூடப் பிரிச்சு எடுத்தேன்னா பாத்துக்கங்க. அவ என்னென்னமோ கெஞ்சுனா. ஒரு ஸ்வெட்டர், ஒரு கதைப்புத்தகம்... மூச்! புத்தகம் முந்நூத்தி இருபது கிராம்ண்ணே. "மேட்டுல அந்தக் கதையா வந்து உன்னைத் தள்ளும்?"னு கேட்டேன். எடுத்து அலமாரியில வச்சிட்டா.

என் பையைத் தூக்கிப் பாத்தீங்கன்னா அசந்துருவீங்க. ஏழே கிலோ! ரெண்டு பனியன், ஒரு மழைக்கோட்டு, டென்ட்டு, அவ்ளோதான். எங்க சைக்கிள் குழுவுல படம் போட்டேன், ஆளாளுக்குக் கைதட்டுனாங்க.

சக்கரத்தோட கோட்டத்தைப் பாத்து நிமித்துங்கண்ணே, ரிம்மு போயிரப்போகுது... என்ன கேட்டீங்க? ரெண்டு பனியனை வச்சுக்கிட்டுப் பன்னெண்டு நாள் எப்படின்னா? அட, எல்லாம் இருக்கு. இரும்பு வாணலி இருக்கு. மடக்கு நாற்காலி இருக்கு. என் தலகாணி இருக்கு, வேற தலகாணின்னா எனக்குக் கழுத்துப் பிடிச்சுக்கும். ஜீன்ஸ் மூணு. பின்ன, போற இடத்துல நாலு பேர் முன்னாடி அரைடவுசர்லயா நிக்க முடியும்? எங்க இருக்குன்னா... அவ பையில. அடியில. அவ குளிக்கப் போனப்போ சொருகிட்டேன்.

அப்படிப் பாக்காதீங்கண்ணே! குடும்பம்னா பாரத்தைப் பகிர்ந்துக்கணும்ல?

அவளுக்குத் தெரியாது. காலையில இருந்து மூச்சு வாங்கிக்கிட்டு, "எனக்கு வயசாயிருச்சு போலங்க"ன்னு கண்ணைக் கசக்குறா. ஒன்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் அவ ஆபீஸ்ல சேர்ந்தாப்புல லீவு குடுத்திருக்காங்க... பாவமாத்தான் இருந்துச்சு. சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுண்ணே. அந்த நேரம் பாத்து கம்பி அறுந்துருச்சு. சரி, பழியை உங்க மேல போட்டுட்டா முடிஞ்சுதுன்னு...

இருங்க இருங்க, அவதான். ஏதோ படம் அனுப்பியிருக்கா.

அய்யய்யோ! நாற்காலியை ரோட்டோரமா விரிச்சுப் போட்டிருக்காண்ணே! அது மேல தலகாணி, தலகாணி மேல வாணலி, வாணலிக்குள்ள என் ரெண்டு பனியன்! என் வண்டி எங்க? கீழ என்னமோ எழுதியிருக்கா... "உங்க வண்டியில என் துணியை ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். டென்ட்டும் எங்கிட்டதான். மேடு சும்மா ஜிவ்வுன்னு ஏறுதுங்க. எனக்கு ஒண்ணும் வயசாகல."

அண்ணே... சிரிக்காதீங்கண்ணே. இனிமே அவ வண்டியை இத்தனை பாரத்தோட ஓட்டப்போறது நான்தான். இன்னும் கொஞ்சம் தடிமனான கம்பி இருந்தா போடுங்க.