பத்து நம்பர் போல்ட்

காலை ஒன்பதரைக்கு முன்னால் நான் பட்டறையைத் திறப்பதில்லை, மேடம். செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன். ஆனையூரில் முப்பத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

பாண்டிராஜின் படத்தையும் அப்படித்தான் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில், ஒரு ஜீப்பின் பானட்டில் கை வைத்தபடி நின்றான். எண்பத்து நான்காம் வருஷத்து ஜீப்பில் புது டர்போ டீசல் எஞ்சினை ஏற்றிய மதுரை மெக்கானிக் என்று போட்டிருந்தார்கள். யாரிடம் தொழில் கற்றான் என்று போடவில்லை. அவன் சொல்லியிருப்பான், அவர்கள்தான் விட்டிருப்பார்கள். பாண்டிராஜ் மறக்கிறவன் இல்லை.

என்னிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். அவனுக்குப் பெண் பார்த்ததே நான்தான். பிறகு வண்டியூரில் தனியாக ஷெட் போட்டான். ரிப்பன் வெட்ட என்னைத்தான் கூப்பிட்டான். வெட்டினேன்.

அந்த ஜீப் முதலில் என்னிடம்தான் வந்தது. மரியராஜ் சார் கணக்கு வாத்தியார். ஜீப் அவருடைய அப்பா ஓட்டியது. மேட்டில் ஏறத் திணறியது, புகை கக்கியது. புது எஞ்சின் ஏற்ற முடியுமா என்று கேட்டார். சேஸிஸ் தாங்காது, கியர்பாக்ஸ் பொருந்தாது, முடியாது என்றேன். அப்போது அதை நான் நம்பினேன். பாண்டிராஜ் இரண்டரை மாதத்தில் செய்துகாட்டினான். ஆர்.டி.ஓ. அனுமதியையும் முறையாக வாங்கிவிட்டான். படம் வந்த வாரத்தில் இரண்டு பேர் என் பட்டறைக்கு வந்து, “இங்க வேலை பார்த்த பாண்டிராஜ் ஷெட்டு எங்கண்ணே இருக்கு?” என்று கேட்டார்கள். வழி சொல்லி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை காலை மரியராஜ் சாரே ஜீப்பில் வந்து நின்றார். ஒன்பது வயது மகள் அனிட்டா பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, பானட்டுக்குள்ள ஏதோ கடகடங்குது. பாண்டிராஜ், மாமனார் ஊருக்குப் போயிருக்காப்ல. போன் பண்ணேன். ‘அண்ணன்கிட்ட காட்டுங்க சார், அவருக்குத் தெரியாதது எதுவும் இல்ல’ன்னுட்டாப்ல.”

பானட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் உட்கார்ந்திருந்த விதம், ரேடியேட்டர், ஒயரிங் எல்லாம் அத்தனை சுத்தம். நான் செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. புகைக் குழாயை மூடியிருந்த தகரத்தில் ஒரு நட்டு லூஸாக இருந்தது. இறுக்கினேன். சத்தம் நின்றது.

“இம்புட்டுத்தானா?” என்று சிரித்தார் சார். “நாளைக்குப் பூசை முடிஞ்சதும் சிறுமலைக்குப் போறோம்ணே. ரெஜினாவும் பாப்பாவும் வாராங்க. வளைவுல இந்தச் சத்தம் கேட்டா அவ பயந்துருவா.”

“டீ குடிச்சிட்டு வாங்க சார். இன்னொருக்க முழுசாப் பார்த்துடுறேன்.”

அவர் போய்த் திரும்பப் பத்து நிமிஷம் ஆனது. அந்த நேரத்தில் பின் சீட்டு பெல்ட்டின் போல்ட் ஆடுவதைப் பார்த்து அதையும் இறுக்கினேன். அவர் கேட்காத வேலை. அனிட்டா பிழைத்தது அந்த பெல்ட்டால்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. சாரும் அவர் மனைவி ரெஜினா டீச்சரும் அங்கேயே போய்விட்டார்கள்.

வண்டியைப் பரிசோதித்த அதிகாரி, அனுபவசாலி என்று என்னையும் கூப்பிட்டார். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் புகைக் குழாயில் பட்டு உருகியிருந்தது. ஹோஸைத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டிய கிளிப்பில் போல்ட் இல்லை. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன், ஓரிடத்தில் ஒழுகினால் மொத்தமும் போகும் என்று விளக்கினேன். அத்தனையும் உண்மை. போல்ட் எங்கே என்று அவர் என்னிடம் கேட்கவில்லை.

பாண்டிராஜைக் கைது செய்தார்கள். ஜாமீனில் வந்ததும் நேரே என்னிடம்தான் வந்தான்.

“அந்தப் போல்ட்டைப் போட்டேனா இல்லையான்னு ஞாபகமே இல்லண்ணே. கண்ண மூடுனா போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு. ரெண்டு உசுருண்ணே.”

“விடுடா. எல்லாருக்கும் கை தவறுறதுதான்.”

“வண்டி உங்ககிட்ட வந்ததை நான் எங்கயும் சொல்லலண்ணே. நீங்க ஒரு நட்டைத்தான முடுக்குனீங்க. உங்களை எதுக்கு இழுக்கணும்?”

ஏழு மாதம் பேசாமல் கிடந்த அனிட்டா இப்போது உங்களிடம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரிதான். அன்று சார் டீ குடிக்கப் போனதும் வண்டியை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். “அது என்ன அங்கிள்?” என்று கேட்டாள். “வேண்டாத போல்ட் பாப்பா” என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பத்து நம்பர் ஸ்பேனரில் மூன்று சுற்று, அவ்வளவுதான் வேலை.

வண்டி மேட்டிலேயே நின்றுவிடும், பாண்டிராஜ் வேலையில் குறை என்று நாலு பேர் பேசுவார்கள், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். இல்லை, சரியாகவே சொல்லிவிடுகிறேன். மலை ஏறும்போது குழாய் பழுக்கச் சூடாகும். இறங்கும்போதுதான் பிரேக் தேவைப்படும். எனக்கு இது தெரியாதா? தெரியும். வண்டியில் யார் யார் இருப்பார்கள் என்பதும் தெரியும்.

பாண்டிராஜ் ஷெட்டை மூடிவிட்டான். இப்போது என்னிடம்தான் வேலைக்கு வருகிறான். பிரேக் வேலையைத் தொடுவதில்லை. கழற்றிப்போட்ட சாமான்களை டீசலில் கழுவிக் கொடுக்கிறான். மதியம் அவன் மனைவி முத்துச்செல்வி சோறு கொண்டுவந்து, அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இப்போதுதான் இரண்டு வாய் இறங்குகிறது அவனுக்கு.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன், மேடம். இதை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். தாங்கமாட்டான். என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?